காந்தாரம் நீங்கிய தந்திகள்: சிற்றேண் கருவியும் ஐரிஷ் நாட்டார் இசையும்

கெல்ற்றிக் இசை என்னும் பெயரோடு வெளிவரும் இசைத்தட்டுகளின் உறைகளிலே சிற்றேண் என்னும் தந்திக்கருவியின் பெயர் அடிக்கடி காணப்படும். நீர்த்துளியை ஒத்த உடலும் நீண்ட கழுத்தும் இரண்டிரண்டாக அமைந்த பத்து உலோகத் தந்திகளும் கொண்ட இக்கருவியைப் பார்ப்போருக்கு, அது அயர்லாந்தினதும் ஸ்கொத்லாந்தினதும் பழங்குடிப் பாணர்கள் கைக்கொண்ட கருவி என்னும் எண்ணம் இயல்பாகவே எழுகின்றது. அவ்வெண்ணம் தவறானது. இன்று இப்பெயரால் வழங்கும் கருவி 1970களின் முற்பகுதியில் வட இங்கிலாந்தில் ஒரு கைவினைஞரின் பட்டறையிலே உருவானது. பெயர் மட்டும் நானூறு ஆண்டுகளுக்கு மேற்பட்ட பழமையுடையது. பழம் பெயர் புதுக்கருவிக்கு எவ்வாறு வந்தது என்பதும், இடைப்பட்ட காலத்தில் கருவியைக் கையாண்டோர் யார் என்பதும் சமூக வரலாற்றுக்குரிய வினாக்கள். ஆயினும் அவற்றுக்கு விடை காண்பதற்குக் கருவியின் உருவத்தைக் காட்டிலும் அதன் தந்திகள் சுருதி சேர்க்கப்பட்ட முறையே நம்பத்தக்க சான்றாகும் என்பது என் துணிபு. உருவம் பொருட்காட்சிச்சாலையிலே எஞ்சி நிற்கும். அக்கருவி எத்தகைய இசைக்குப் பயன்பட்டது என்பதைத் தந்திகளே சொல்ல வல்லன.

மேனாட்டார் சுரங்களை எழுத்துகளால் குறிப்பர். இக்கட்டுரையில் நம் வாசகருக்கு இலகுவாக அவற்றை ச, ரி, க, ம, ப, த, நி என்றே குறிப்போம். ஒரே சுரத்திற்குச் சேர்க்கப்பட்டு ஒருங்கே மீட்டப்படும் இரண்டு அல்லது மூன்று தந்திகளை ‘இணை’ எனக் கொள்வோம்.

முதலில் பெயரைப் பற்றி ஒரு சொல். கிரேக்கரின் ‘கிதாரா’ என்னும் சொல்லிலிருந்தே கிற்றார், சிதர், சிற்றேண் ஆகிய பெயர்கள் கிளைத்தன. நம்மவர் சிலர் வட இந்தியாவின் சிதாரையும் இவ்வரிசையிற் சேர்த்துக் கூறுவதுண்டு. அது பொருந்தாது. சிதார் என்பது ‘மூன்று தந்தி’ எனப் பொருள்படும் பாரசீகச் சொல்லின் வழிவந்தது. ஒலி ஒப்புமையை மட்டும் கொண்டு உறவு கற்பிக்கும் வழக்கம் நம்மிடையே சற்று மிகுதியாதலின் இதனை இங்கே குறிப்பிட நேர்ந்தது.

பழைய சிற்றேண், மத்திய காலத்துச் சிற்றோல் என்னும் கருவியின் வளர்ச்சி என்பர். அதன் உடல் கழுத்தருகே தடித்தும் அடிப்புறம் நோக்கி மெலிந்தும் இருந்தது. பித்தளை, இரும்புக் கம்பிகள் பூட்டப்பட்டு இறகுத்துண்டினால் மீட்டப்பட்டது. அக்காலத்தில் உயர்குடியினரின் கருவியாகிய லூற்றுக்கு விலங்குக் குடலால் ஆன நரம்புகளே பூட்டப்பட்டன. அவை விலைகூடியவை, ஈரத்திலே தளர்பவை, அடிக்கடி அறுபவை. கம்பித் தந்தியோ சுவரிலே தொங்கவிட்டாலும் சுருதி கலையாது நீண்ட நாள் நிற்கும். இந்தப் பொருளியற் காரணமே சிற்றேணைப் பொதுமக்களிடம் கொண்டு சென்றது எனலாம். பதினாறாம், பதினேழாம் நூற்றாண்டு இங்கிலாந்தில் சவரக்கடைகளிலே தம் முறைக்காகக் காத்திருப்போர் மீட்டிப் பொழுதுபோக்குவதற்காக ஒரு சிற்றேண் மாட்டப்பட்டிருக்கும். அக்கருவியின் தலைப்பகுதியில் விகார முகங்களைச் செதுக்குவது வழக்கமாயிருந்தமையால், ஷேக்ஸ்பியரின் நாடகமொன்றில் ஒருவனுடைய முகத்தை எள்ளி நகையாடுவோர் அதனைச் சிற்றேண் தலைக்கு ஒப்பிடுகின்றனர்.

எனினும் இது கடைத்தெருக் கருவி மட்டுமன்று. இத்தாலியின் பிறெஷியா நகரில் ஜிறோலாமோ வேர்க்கி 1574இல் செய்த சிற்றேண், திரோல் நாட்டுக் கோமகன் ஃபேர்டினாண்டுக்காக உருவானது. சிற்ப வேலைப்பாடு மிக்க அக்கருவி இன்று வியன்னாவிலே பேணப்படுகின்றது. அன்ரனி ஹோல்போண் 1597இலும் தோமஸ் றொபின்சன் 1609இலும் இதற்கெனப் பாடநூல்கள் வெளியிட்டனர். தோமஸ் மோர்லி 1599இல் வெளியிட்ட குழு இசைத் தொகுப்பில் லூற், பன்டோறா, வயல், குழல் ஆகியவற்றோடு சிற்றேணுக்கும் தனிப்பங்கு உண்டு. அரண்மனையும் சவரக்கடையும் ஒரே கருவியைப் பகிர்ந்துகொண்ட இந்நிலை அதன் பிற்கால வரலாற்றில் மீளவும் ஏற்பட்டதில்லை.

இனிச் சுருதி. நான்கு இணைகள் கொண்ட ஆங்கிலச் சிற்றேணின் தந்திகள், மீட்டுவோனின் மேற்புறத்திலிருந்து கீழ்நோக்கி, க, ச, ப, த என்னும் முறையிலே சேர்க்கப்பட்டன. பிரான்சில் முதலாவது க என்பதற்குப் பதிலாக ரி நின்றது. இங்கே ஒரு விந்தையைக் காணலாம். கிற்றாரிலும் வீணையிலும் போலத் தந்திகள் ஒரே ஒழுங்கில் ஏறியோ இறங்கியோ செல்வதில்லை. தாழ்ந்த சுரமாகிய ச ஓரத்தில் நில்லாது இரண்டாவதாக நிற்கின்றது. இதனால் விரல்களை அதிகம் விரிக்காமலே பல சுரங்களைக் கூட்டி ஒலிக்க முடிந்தது. ஆங்கில முறையில் திறந்த தந்திகளை வருடினாலே ச, க, ப ஆகிய மூன்றும் ஒருங்கே ஒலிக்கும். அந்தரகாந்தாரம் கருவியிலேயே குடிகொண்டுவிட்டது. இதனை மனத்திற் கொள்ளுதல் வேண்டும். பின்னர் நிகழ்ந்தவை யாவும் இந்தக் காந்தாரத்தைச் சுற்றியே நிகழ்ந்தன.

பதினேழாம் நூற்றாண்டின் பிற்கூற்றிலே பழைய சிற்றேண் வழக்கொழியலாயிற்று. பதினெட்டாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் அதன் குடும்பத்தைச் சேர்ந்த வேறொரு கருவி இலண்டன், எடின்பரோ, டப்ளின் நகரங்களின் வரவேற்பறைகளிலே தோன்றியது. அக்காலத்தவர் அதனைக் ‘கிற்றார்’ என்றே அழைத்தனர். இற்றை ஆய்வாளர் ஸ்பானியக் கருவியோடு மயங்காதிருக்க ‘ஆங்கிலக் கிற்றார்’ என்பர். றொபேட் பிறெம்னர் 1758இலும் இத்தாலியரான ஜெமினியானி 1760இலும் எடின்பரோவில் இதற்கான நூல்களை வெளியிட்டனர். டப்ளினில் வில்லியம் கிப்சன் செய்த கருவிகள் இன்றும் எஞ்சியுள்ளன. ஆகவே, சிற்றேண் குடும்பத்துக்கும் கெல்ற்றிக் நாடுகளுக்கும் பழைய தொடர்பு ஏதுமில்லை என்று கூறுவதும் தவறே. ஸ்கொத்லாந்துப் பாடல்கள் பல இக்கருவிக்கென அச்சிடப்பட்டன. ஆனால் அச்சிட்ட தாளை வாங்கியோர் நகரத்துச் செல்வக்குடிப் பெண்கள். பாடலைப் பிறப்பித்த குடியானவர்கள் அல்லர்.

இவ்விடத்தில் சாள்ஸ் பேர்ணி பதிவுசெய்துள்ள ஒரு கதை சுவையானது. ஆங்கிலக் கிற்றாரின் மோகத்தால் ஹாப்சிக்கோட் வாத்தியங்கள் விலைபோகாத நிலை வந்ததாம். ஹாப்சிக்கோட் செய்வதிற் பெயர்பெற்ற கேர்க்மன் மலிவான கிற்றார்களைத் தொப்பிக்கடைப் பெண்களுக்கும் தெருப்பாடகர்களுக்கும் இலவசமாகக் கொடுத்துச் சில மெட்டுகளையும் கற்பித்தார். கீழோர் கையிற் கண்ட கருவியைச் சீமாட்டிகள் வெட்கித்துக் கைவிட்டனர். ஹாப்சிக்கோட் மீண்டும் விலைபோயிற்று. கதையிலே மிகைப்படுத்தல் இருக்கலாம். எனினும் ஒரு கருவியின் மதிப்பு அதன் ஓசையினால் அன்றி அதனைத் தொடும் கைகளினாலே தீர்மானிக்கப்பட்டது என்பதற்கு இதைவிடத் தெளிவான உவமை கிடைப்பது அரிது.

அவ்வாங்கிலக் கிற்றாரின் ஆறு இணைகளும் ச, க, ப, ச, க, ப என்று சேர்க்கப்பட்டன. ஆங்கிலச் சிற்றேணில் ஒரு தந்தியில் நின்ற காந்தாரம் இங்கு இரண்டிலே நிலைபெற்றது. சங்கராபரண மேளத்தில் அமைந்த எந்தப் பாடலுக்கும் இது வாய்ப்பானது. கற்றுக்குட்டியும் ஒரு விரலைக் குறுக்கே வைத்து இனிய ஓசை எழுப்பலாம். அம்மேளத்திலிருந்து சற்று விலகிய மெட்டுக்கோ அது சிறையாகும்.

இங்கே அயர்லாந்தின் நாட்டார் இசையின் இயல்பை நோக்குதல் அவசியமாகின்றது. அது அடிப்படையில் தனிமெட்டு இசை. வயலினோ குழலோ பைக்குழலோ ஒரே மெட்டை அலங்காரங்களோடு வாசிக்கும். பலர் கூடினாலும் அனைவரும் அதே மெட்டையே வாசிப்பர். மெட்டுகளிற் பெரும்பாலானவை நாம் சங்கராபரணம், ஹரிகாம்போதி, கரகரப்பிரியா, நடபைரவி என்று கூறும் நான்கு மேளங்களின் சுரவரிசைகளில் அமைந்தவை. சில மெட்டுகளிலே காந்தாரமே இடம்பெறாது. வேறு சிலவற்றில் அது இரு நிலைகளுக்கும் இடைப்பட்டு ஒலிக்கும், நிஷாதமும் அவ்வாறே. பழைய வயலின் கலைஞர்கள் இந்த இடைநிலைச் சுரங்களை வேண்டுமென்றே பேணினர். இல்லன் பைக்குழலிலே தொடர்ந்து ஒலிக்கும் ஆதார சுருதிக் குழல்கள் உண்டு. மணிக்கட்டால் அழுத்திச் சுரக்கூட்டுகள் எழுப்பும் குழல்களும் அதிலுண்டு என்பதால், ஒத்திசை என்பது அயர்லாந்துக்கு முற்றிலும் அந்நியமானது என்று சாதிக்க முடியாது. ஆயினும் அது இசையின் ஓரத்திலே நின்றதேயன்றி நடுவில் அமரவில்லை.

நடுவில் அமரவைத்தது பியானோ. 1792இல் பெல்பாஸ்ற்றிலே கூடிய ஹார்ப் கலைஞர்களின் மெட்டுகளை எழுதி எடுத்த எட்வேட் பன்ரிங், 1796இல் அவற்றைப் பியானோவுக்கு ஏற்றவாறு அமைத்து வெளியிட்டார். அக்கூட்டத்திலே டெனிஸ் ஹெம்ப்சன் என்னும் முதியவர் ஒருவரே பழைய முறைப்படி கம்பித் தந்திகளை நீண்ட நகங்களால் மீட்டியவர். 1920களிலும் இதே கதை நடந்தது. ஸ்லைகோவிலிருந்து நியூயோர்க்கிற் குடியேறிய மைக்கல் கோல்மனின் வயலின் இசைத்தட்டுகள் அயர்லாந்து எங்கும் பரவி, பல ஊர்ப் பாணிகளை மாற்றியமைத்தன. அவற்றிற் பலவற்றிலே பக்கவாத்தியமாகப் பியானோ வாசித்தோர் அம்மரபை அறியாதவர்கள். வயலின் கரகரப்பிரியாவில் நடக்கும். பியானோ சங்கராபரணத்தின் சுரக்கூட்டை அறையும். இன்று அத்தட்டுகளைக் கேட்போருக்கு இரண்டு பேர் இரண்டு அறைகளிலிருந்து வாசிப்பது போலத் தோன்றும். பியானோவிலே ச, ப மட்டும் வாசித்துக் காந்தாரத்தை விட்டுவிட எவரும் தடை செய்யவில்லை. ஆனால் காந்தாரம் இல்லாத சுரக்கூட்டு குறையுடையது என்றே அவ்வாசிப்போருக்குக் கற்பிக்கப்பட்டிருந்தது.

சோன் ஓ ரியாடா 1960களின் தொடக்கத்தில் தம் குழுவின் மூலமும் 1962இல் நிகழ்த்திய வானொலித் தொடரின் மூலமும் இந்நிலையை மாற்ற முயன்றார். மறைந்துபோன கம்பி ஹார்ப்பின் ஓசைக்கு நெருங்கியது என்று கருதி அவர் ஹாப்சிக்கோட்டைக் கையாண்டார். நோக்கம் சரியானது, கருவி தோளிற் சுமக்கத் தக்கதன்று.

தோளிற் சுமக்கத்தக்க கம்பிக்கருவி கிரேக்கத்திலிருந்து வந்தது. 1966இல் அமைந்த ‘சுவீனீஸ் மென்’ குழுவைச் சேர்ந்த ஜோனி மொய்னிஹானே புசூக்கியை ஐரிஷ் இசைக்குள் கொண்டுவந்தவர் என்பது பொதுவாக ஏற்கப்பட்ட செய்தி. அக்குழுவின் முதலாவது நீள இசைத்தட்டு 1968இல் வெளிவந்தது. நான்கு இணைப் புசூக்கியைக் கிரேக்கர் ச, ம, த, ரி என்னும் இடைவெளிகளிலே சேர்ப்பர். கிற்றாரின் நான்கு தந்திகளை ஒத்த இம்முறை 1950களில் மனோலிஸ் கியோற்றிஸ் பரப்பியது. இதில் நடுவில் நிற்கும் மத்திமத்திற்கும் தைவதத்திற்கும் உள்ள தொலைவு, சட்ஜத்திற்கும் அந்தரகாந்தாரத்திற்கும் உள்ள தொலைவே. அதாவது காந்தாரம் இங்கும் மறைந்திருக்கின்றது. மொய்னிஹான் செய்தது, இத்தந்திகளைத் தளர்த்தியும் இறுக்கியும் ம, ச, ப, ச என்று மாற்றியமைத்தமையே. ஐரிஷ் மெட்டுகள் பெரிதும் வாசிக்கப்படும் சுருதியை ஆதாரமாகக் கொண்டு பார்த்தால், அடித்தந்தி மந்திர மத்திமம், அடுத்து ச, அடுத்து ப, இறுதியில் மேல் ச. எந்த இரு அடுத்தடுத்த தந்திகளுக்கிடையிலும் காந்தார இடைவெளி இல்லை. யாவும் ச–ப அல்லது ப–மேல்ச இடைவெளிகளே.

நம்மவருக்கு இதனை விளக்க அதிகம் வேண்டியதில்லை. தம்பூராவின் முன்னே அமர்ந்து எந்த இராகத்தையும் பாடலாம் என்பதன் காரணம் அது சட்ஜத்தையும் பஞ்சமத்தையும் மட்டும் ஒலித்து, எஞ்சியவற்றைப் பாடுவோனுக்கு விட்டுவிடுவதே. மொய்னிஹான் தம்பூராவை முன்மாதிரியாகக் கொண்டார் என்று நான் கூற வரவில்லை. ஒரே சிக்கலுக்கு இரு நாட்டார் தனித்தனியே ஒத்த தீர்வைக் கண்டனர் என்பதே இங்கு கருதத்தக்கது. மெட்டு கரகரப்பிரியாவாயினும் ஹரிகாம்போதியாயினும் தந்தி அதனை மறுப்பதில்லை. அலெக் ஃபின் இதே காலப்பகுதியில் வேறு வழியால் இதே இடத்தை அடைந்தார். அவர் கைக்கொண்டது மூன்று இணைகள் கொண்ட பழைய கிரேக்கப் புசூக்கி. அதன் இயற்கையான சுருதியே ச, ப, ச என்பதால் மாற்றவேண்டிய தேவையும் அவருக்கு எழவில்லை. ‘டி டனன்’ குழுவின் வயலினுக்குப் பின்னே அவருடைய மெல்லிய தந்தி ஒலியைக் கேட்போர், பக்கவாத்தியம் மெட்டின் மீது அமராமல் அதனூடே செல்லக்கூடும் என்பதை உணர்வர்.

அன்டி ஏர்வினிடமிருந்து புசூக்கியைப் பெற்ற டோனல் லனி இடக்கைப் பழக்கமுடையவர். தந்திகளைத் தமக்கேற்பத் திருப்பிப் பூட்டிக்கொண்டார். 1970 அளவில் ஆங்கிலக் கைவினைஞர் பீற்றர் அப்நெற் அவருக்காகச் செய்த கருவி, கிரேக்கப் புசூக்கியின் ஆழ்ந்த குடவடிவ முதுகை நீக்கித் தட்டையான முதுகைப் பெற்றது. கிரேக்கக் கருவி ஐரிஷ் கருவியாக மாறிய கட்டம் இதுவே. 1972இல் கிறிஸ்ரி மூர், லியம் ஓ ஃபிளின் ஆகியோரோடு இவ்விருவரும் அமைத்த ‘பிளாங்ஸ்ரி’ குழுவில் ஏர்வினின் மண்டலினும் லனியின் புசூக்கியும் ஒன்றன் இடைவெளியை மற்றது நிரப்பும் வகையில் இரு இழைகளாகப் பின்னப்பட்டன. சுரக்கூட்டை அடித்துச் செல்லும் கிற்றார் முறையிலிருந்து இது முற்றும் வேறானது.

இச்சூழலிலேதான் வட இங்கிலாந்தின் நோதம்பர்லாந்தைச் சேர்ந்த ஸ்ரெபான் சோபெல் 1970களின் முற்பகுதியில் புதிய கருவியொன்றைச் செய்தார். அவருக்குத் தூண்டுதலாயிருந்தது போர்த்துக்கேயக் கிற்றார். அக்கருவியோ முன்னர் நாம் கண்ட ஆங்கிலக் கிற்றாரின் வழித்தோன்றல். எனவே, தாம் செய்த ஐந்து இணைக் கருவிக்குச் ‘சிற்றேண்’ என்னும் பழம் பெயரை அவர் சூட்டியது முற்றிலும் ஆதாரமற்றதன்று; சுற்றுவழியாயினும் இரத்த உறவு உண்டு. பெயரும் ஓரளவு உடலும் மீண்டன. சுருதி மட்டும் மீளவில்லை. க, ச, ப, த என்ற பழைய முறையையோ ச, க, ப என்ற வரவேற்பறை முறையையோ நாட்டார் இசைக்குழுக்களில் இக்கருவியை வாசித்தோர் பெரிதும் நாடவில்லை. புசூக்கி கண்ட காந்தாரமற்ற வழியிலேயே சென்றனர்.

மரபுகள் புனையப்படுவது பற்றி எரிக் ஹொப்ஸ்போமும் ரெறன்ஸ் றேஞ்சரும் 1983இல் வெளியிட்ட கட்டுரைத் தொகுதி, ஸ்கொத்லாந்து மலைநாட்டு உடை முதலியவற்றின் பழமை எவ்வாறு பிற்காலத்திலே கற்பிக்கப்பட்டது என்பதைக் காட்டியது. சிற்றேணையும் அவ்வரிசையிலே சேர்க்கத் தோன்றலாம். நான் உடன்படேன். மலைநாட்டு உடையின் பழமையைப் புனைந்தோர் அதனை உண்மையென நம்பச்செய்ய முயன்றனர். சோபெலோ லனியோ தம் கருவி புதியது என்பதை மறைத்தவர்கள் அல்லர். மயக்கம் பெயரினாலும் பின்வந்த வணிகத்தினாலும் விளைந்தது. அன்றியும், இங்கே புதிய கருவி பழைய மெட்டுக்கு இடங்கொடுத்தது. வரவேற்பறையின் பழைய கருவியோ மெட்டைத் தன் அளவுக்கு வெட்டியது. எது மரபுக்கு நெருங்கியது என்று கேட்டால் ஆண்டுக்கணக்கை வைத்து விடை கூறமுடியாது.

வாசிக்கும் முறையிலும் இவ்வியல்பு புலப்படும். ஜிக் என்னும் ஆறு எண்ணிக்கை ஆட்டமெட்டில் வலக்கை கீழ்-மேல்-கீழ், கீழ்-மேல்-கீழ் என்று மும்மூன்றாக அசையும். ஒவ்வொரு மூன்றின் முடிவிலும் தொடக்கத்திலும் இரு கீழ்வீச்சுகள் அடுத்தடுத்து வருவதால் தாளத்தின் அழுத்தம் தானே பிறக்கின்றது. நாலெண்ணிக்கை றீலிலே கீழ்-மேல் மாறி மாறி வரும். இடக்கை ஆறு விரலிடங்களையும் பிடித்து நிறைந்த சுரக்கூட்டை அமைப்பதில்லை; ஓரிரு மெட்டுகளை மட்டும் அழுத்தி, எஞ்சிய தந்திகளைத் திறந்தே ஒலிக்கவிடும். கலைஞன் காந்தாரத்தை வேண்டும்போது தொடலாம். தொடுவதா விடுவதா என்பது இப்போது அவனுடைய தீர்ப்பு, கருவியின் கட்டளையன்று.

குறை கூறுவோரும் உளர். தனிமெட்டு இசைக்கு எந்தப் பக்கவாத்தியமும் மிகையே என்பது அவர்தம் வாதம். பலர் ஒருங்கே புசூக்கி மீட்டும் கூட்டங்களிலே வயலினின் நுண்ணிய இடைச்சுரங்கள் கம்பி ஓசையில் அமிழ்ந்துவிடுகின்றன என்னும் அவர்களுடைய முறைப்பாட்டில் உண்மை இல்லாமலில்லை. மெட்டுகள் பதிந்த கருவி எவ்வளவு நல்லதாயினும் அதில் இடைநிலை நிஷாதம் பிறவாது. இது தீர்க்கமுடியாத குறை. அடக்கமாக வாசிப்பதொன்றே அதற்கு மாற்று.

ஐந்தாவது இணையை எங்கே வைப்பது என்பதிலும் இன்றுவரை ஒருமைப்பாடு இல்லை. சிலர் அதனை அடியிலே வைத்து ச, ம, ச, ப, ச என்று சேர்ப்பர். ஆழ்ந்த ஆதார சுருதி கிடைக்கும். வேறு சிலர் மேலே வைத்து ம, ச, ப, ச, ப என்று சேர்ப்பர். மெட்டை விரல் அதிகம் நகராமலே வாசிக்கலாம். ஆனால் அறுபத்தைந்து சதமமீற்றர் நீளமுள்ள புசூக்கியிலே அந்த மேற்பஞ்சமத்துக்கு முறுக்கினால் கம்பி அறுந்துவிடும். ஐம்பது முதல் ஐம்பத்தாறு சதமமீற்றர் வரையான குறுகிய தந்தியிலேயே அது தாங்கும். சிற்றேண் எனப் பெயர்பெற்ற கருவிகள் பெரும்பாலும் குறுங்கழுத்துடையனவாக இருப்பதற்கு இது ஒரு காரணம். வயலினிலும் மண்டலினிலும் பழகி வந்தோர் நான்காவது தந்தியை மேல் ச என்பதற்கு மாறாக ரி என்று சேர்த்து ம, ச, ப, ரி என வைத்துக்கொள்வர். தாம் அறிந்த விரலிடங்கள் அப்படியே உதவும் என்பது அவர்கள் கூறும் காரணம். பாடலுக்குப் பக்கவாத்தியம் வாசிப்போர் அந்த ஒரு தந்தியை ஒரு முழுச்சுரம் தளர்த்தி மீண்டும் சட்ஜத்துக்கே கொண்டுவருவர். ஒரே மேடையில் இரு பாட்டுகளுக்கிடையே கலைஞர் தலை குனிந்து அந்த முறுக்காணியைத் திருப்பிக் கொண்டிருப்பதைக் காணலாம்.